கெங்கம்மாள் போட்ட சிவப்பு வட்டம்

ஆம்பூரில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமானால் பெண் வேண்டும், மாப்பிள்ளை வேண்டும், மண்டபம் வேண்டும், பிரியாணி மாஸ்டர் வேண்டும். இத்தனையும் அமைந்த பிறகு கெங்கம்மாளின் கையெழுத்தும் வேண்டும். ஊரில் வேறு பிரஸ் இல்லாமல் இல்லை. பஜாரில் நடந்து போனால் காலில் இடறும் அளவுக்கு இருக்கின்றன. ஆனாலும் வசந்த் பிரஸ்ஸில் அடித்த பத்திரிகை என்றால் அதில் தப்பு இருக்காது என்று ஊருக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குக் காரணம் மெஷின் அல்ல. மெஷினுக்குப் பக்கத்து அறையில், ஜன்னலோரம், சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கும் கெங்கம்மாள்தான்.

ஷூ கம்பெனிக்காரர்களின் அட்டை, பேரணாம்பட்டு பீடிக் கட்டுக்கு லேபிள், ரம்ஜான் மாதத்து நோன்பு நேர அட்டை, சர்ச் ஆண்டுவிழா நோட்டீஸ், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எதுவாக இருந்தாலும் ப்ரூஃப் அவள் மேஜைக்கு வரும். அவள் ஓரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும். ஒரு தடவை கட்சிக்காரர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "அம்மா, அர்ஜெண்டு, பாக்காமலே ஓட்டுங்க" என்று நின்றார். கெங்கம்மாள் அவரைத் தன் எதிரிலேயே உட்கார வைத்து, அவர் போஸ்டரை அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். கூட்டம் நடக்கும் தேதி போன மாதத்துத் தேதியாக இருந்தது. அன்றிலிருந்து அவர் சந்தில் எதிர்ப்பட்டால் கும்பிடு போட்டுவிட்டுத்தான் நகர்வார்.

அவளிடம் இன்னொரு கண்டிப்பும் உண்டு. தாளில் இருப்பதை மட்டும்தான் திருத்துவாள். இல்லாததைத் தன் கையால் எழுத மாட்டாள். "இன்னா போடணும்ன்றது குடுத்தவங்க இஷ்டம். நான் ஒரு வார்த்த சேத்தா அது என் பத்திரிக ஆய்டும்" என்பாள். ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று பட்டால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போடுவாள். அவ்வளவுதான். என்ன விட்டுப்போயிற்று என்று கொடுத்தவர்கள் மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டும்.

பிரஸ்ஸை நடத்துவது அவள் மருமகள் மேகலா. கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது, வேலூர் போய் அச்சுக்கு ப்ளேட் எடுத்து வருவது, பேப்பர் வாங்குவது, வாடிக்கையாளர்களிடம் சிரிப்பது, சில சமயம் சிரிக்காமல் இருப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அவள் புருஷன், கெங்கம்மாளின் ஒரே மகன் வசந்த், காய்ச்சலில் போய் ஐந்து வருஷம் ஆகிறது. அவன் பிறந்தபோது வைத்த பெயர்தான் பிரஸ்ஸுக்கும். அவன் போனதும் மேகலா பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள் என்று சொந்தக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். போவதற்குப் பிறந்த வீட்டில் யாரும் இல்லை, அப்பாவும் அம்மாவும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருந்திருந்தாலும் போயிருக்க மாட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் மாமியாரும் மருமகளும் ஒன்றாகக் கீழே இறங்கி வந்து ஷட்டரைத் தூக்கினார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மெஷின் ஓட்டுவது கோபி. மாதனூர் பக்கத்து ஆள். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு கலர் இருக்கும், அதை வைத்தே இன்றைக்கு என்ன வேலை ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். மெஷின் சத்தத்தில் பேசிப் பேசிக் குரல் பெரிதாகிப்போனவன். டீக்கடையில் மெதுவாக ஒரு டீ சொன்னால் மூன்று மேஜைக்கு டீ வந்துவிடும்.

அப்படிப்பட்டவன் போன மாசியில் ஒரு நாள் கரண்டு போய் மெஷின் நின்றதும் மேகலாவின் அறை வாசலில் வந்து நின்றான். கையைத் துணியில் துடைத்தான், மறுபடியும் துடைத்தான்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். கரண்டு வந்துட்டா கத்திக் கேக்க வேண்டியதா போய்டும். அதான் இப்பவே."

"கேளு கோபி."

"என்ன கட்டிக்கிறீங்களா?"

மேகலாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சிரிப்புதான் வந்தது. சிரித்து முடிக்கும்போது கண்ணில் தண்ணீரும் வந்தது. இவன் என்றைக்குக் கேட்பான் என்று தான் இத்தனை நாள் காத்திருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. "சரி" என்று அவள் சொன்ன நேரத்தில் கரண்டு வந்து மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. கோபி காதில் கை வைத்து, "இன்னாது? இன்னாது?" என்று கத்தினான். அவளும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. சந்து முழுக்கக் கேட்டது.

கெங்கம்மாளுக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் முறையாகச் சொல்ல வேண்டும் என்று மேகலா சாயங்காலம் அவள் மேஜை முன்னால் போய் நின்றாள். கெங்கம்மாள் ஒரு ஸ்கூல் டைரி ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, கோபி என்ன கட்டிக்கிறேன்றான். எனக்கும் சம்மதம். நீங்க இன்னா சொல்றீங்க?"

கெங்கம்மாள் தலையைத் தூக்கவில்லை. ஒரு பக்கம் புரட்டினாள். பிறகு, "பத்திரிக அடிக்கணும் இல்ல? ப்ரூஃப் எடுத்துட்டு வா, பாக்கலாம்" என்றாள்.

இதற்கு என்ன அர்த்தம் என்று மேகலாவுக்குப் புரியவில்லை. சம்மதமா, சம்மதம் இல்லையா? ஒன்று மட்டும் அவள் மனதில் முடிவாகிவிட்டது. ப்ரூஃபில் கையெழுத்து விழுந்தால் கல்யாணம். விழாவிட்டால் இல்லை. கோபியிடமும் அதையே சொன்னாள். "அத்த மனசு நோகற மாதிரி ஒரு தாலி எனக்கு வேணாம் கோபி. அவங்க கையெழுத்துப் போடட்டும். அப்பதான்."

"எந்தப் பத்திரிகைக்குப் போடாம இருந்திருக்காங்க? போட்ருவாங்க மேடம்" என்றான் கோபி. ஆவணியில் நாள் பார்த்து, அவன் அம்மா அமிர்தவள்ளி மாதனூரில் அதற்குள் பந்தல்காரனிடம் பேசியும் வைத்துவிட்டாள்.

மேகலா பத்திரிகை போட உட்கார்ந்தாள். ஊருக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவள், தன் பத்திரிகைக்கு முன்னால் உட்கார்ந்து அரை நாள் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பத்திரிகையில் கீழே இரண்டு பக்கமும் அழைப்பவர் பெயர்கள் வரும். வலது பக்கம் மாப்பிள்ளை வீட்டார், அங்கே அமிர்தவள்ளி பெயரைப் போட்டாள். இடது பக்கம் பெண் வீட்டார். யார் பெயரைப் போடுவது? கெங்கம்மாள் பெயரைப் போடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். நினைத்ததுமே உடம்பு கூசியது. மகனைப் பறிகொடுத்தவளிடம் போய், அவன் பெண்டாட்டியின் அடுத்த கல்யாணத்துக்கு ஊரைக் கூப்பிடுங்கள் என்று கேட்பதா? கையெழுத்துப் போட்டாலே பெரிசு. மேகலா அந்த இடத்தைக் காலியாக விட்டாள், அதற்கப்புறம் அந்த இடத்தைப் பற்றி நினைப்பதையும் விட்டாள்.

முதல் ப்ரூஃப் போயிற்று. மறுநாள் திரும்பி வந்தது. கையெழுத்து இல்லை. எழுத்தில் தப்பு எதுவும் இல்லை. கீழே இடது பக்கத்தில் மட்டும் ஒரு சிவப்பு வட்டம்.

"மொட்டையா இருக்குதுன்றாங்க போல" என்றாள் மேகலா.

"யான போடுங்க மேடம், லட்சணமா இருக்கும்" என்றான் கோபி.

தும்பிக்கையில் மாலையோடு ஒரு யானையைப் போட்டாள். இரண்டாவது ப்ரூஃப் திரும்பி வந்தது. யானையைச் சுற்றி சிவப்பு வட்டம். யானை சிறிசாக இருக்கிறதோ என்று பெரிசாக்கினாள். பெரிய யானையைச் சுற்றிப் பெரிய வட்டம் வந்தது. யானையை எடுத்துவிட்டுக் குத்துவிளக்கு போட்டாள். விளக்கைச் சுற்றி வட்டம். விளக்குக்குப் பதில் குடைக்குக் கீழே பெண்ணும் மாப்பிள்ளையும். அதற்கும் வட்டம். அதில் மாப்பிள்ளைக்கு மீசை இல்லை, கோபிக்கு இருக்கிறது, அதனால்தான் இருக்குமோ என்று இரண்டு பேரும் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தார்கள். அறிவு அந்த அளவுக்கு வேலை செய்தது.

ஊரில் யார் வந்து கேட்டிருந்தாலும் அந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்று மேகலா தூக்கத்தில் கூடச் சொல்லியிருப்பாள். தன் பத்திரிகையில் மட்டும் அந்த இடத்தில் விளக்கும் யானையும்தான் அவளுக்குத் தெரிந்தன.

விஷயம் சந்தில் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு ரஃபத் ஜஹான், ஸ்கூலில் உருது டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள், உருது வேலை வந்தால் ப்ரூஃப் பார்ப்பது அவள்தான். கெங்கம்மாளின் பக்கத்து நாற்காலி அவளுடையது. இருவரும் ஆளுக்கு ஒரு மொழியில் தாளைப் பார்த்துக்கொண்டு, இரண்டு மொழியையும் கலந்து ஊர்க்கதை பேசுவார்கள். அவள் மேகலாவைப் பார்த்து, "இன்னாம்மா, இன்னிக்கு எந்த ஜானவரு? ஒட்டகம் பாக்கியா இருக்குதே" என்றாள். கெங்கம்மாள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. பேனாவை மூடி வைத்தாள்.

ஆடி முடியப் போயிற்று. மயில் போட்ட ப்ரூஃபும் திரும்பி வந்தது, மயிலின் தோகையோடு சேர்த்து வட்டம் போட்டு. மேகலாவுக்கு அன்றைக்குத் தாங்கவில்லை. மெஷின் அறைக்குப் போய்ப் பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"விட்டுடலாம் கோபி. அவங்களுக்கு வாயால வேணாம்னு சொல்ல மனசு வரல. அதான் இப்டி சொல்றாங்க. நானா புரிஞ்சிக்கணும்."

கோபி மெஷினை நிறுத்தினான். ஓடுகிற வேலையை நடுவில் நிறுத்துகிறவன் அல்ல அவன். "நீங்க விடுன்னா விட்டுர்றேன் மேடம். வேலைக்கும் வருவேன், மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கவும் மாட்டேன். ஆனா எனக்கு ரொம்ப பேஜாரா இருக்கும், அதையும் சொல்லிட்டேன்" என்றான். சின்னக் குரலில் சொன்னான். அவன் அவ்வளவு சின்னக் குரலில் பேசி மேகலா கேட்டதே இல்லை. அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில், "மேகலாம்மா!" என்று சத்தம். பேரணாம்பட்டு ஜியாவுல்லா. செருப்புக் கடை திறக்கப் போகிறார், திறப்பு விழா அழைப்பிதழ் கொடுத்திருந்தார். மேகலா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கெங்கம்மாள் அவருடைய ப்ரூஃபை எடுத்து நீட்டினாள். ஜியாவுல்லா வாங்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கீழே, அவர் பெயருக்கு மேலே இருந்த இடைவெளியில் ஒரு சிவப்பு வட்டம்.

ஜியாவுல்லா அதை ஒரு நொடி பார்த்தார். படீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அய்யய்யோ! அண்ணன் பேரு! அண்ணன் பேரு போடல! அவரு இல்லாம நான் கடையா தெறப்பேன்? ஊருக்குள்ள நொழைய முடியுமா? நல்ல வேளம்மா, காப்பாத்திட்டீங்க." அங்கேயே நின்றபடி அண்ணனுக்குப் போன் போட்டு, பத்திரிகையில் முதல் பெயர் அவருடையதுதான் என்று இல்லாத தகவலைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

கெங்கம்மாள் அடுத்த தாளை எடுத்தாள்.

மேகலா நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு தன் அறைக்குள் போய் மேஜையில் கிடந்த தன் ப்ரூஃப்களை எடுத்து வரிசையாகப் பரப்பினாள். யானை, பெரிய யானை, விளக்கு, குடை, மயில். எல்லா வட்டமும் ஒரே இடத்தில். பெண் வீட்டார் பெயர் வரும் இடத்தில். யானை வந்தாலும் மயில் வந்தாலும் கெங்கம்மாள் அதே இடத்தைத்தான் சுற்றியிருக்கிறாள், தன் வாயால் கேட்க மாட்டாமல், தன் கையால் எழுதவும் மாட்டாமல். ஊரெல்லாம் பெயர் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டவளின் பெயரை அவள் வீட்டுப் பத்திரிகையிலேயே விட்டுவிட்டு, அந்த இடத்தில் மிருகக்காட்சி சாலை வைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது மேகலாவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட ஜாஸ்தி சந்தோஷமாக இருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் விக்கல் எடுத்தது.

மயிலை அழித்தாள். வேகமாக டைப் அடித்தாள். தாள் பிரிண்டரிலிருந்து முழுதாக வெளியே வருவதற்குள் இழுத்ததில் ஓரம் கசங்கியது. அப்படியே எடுத்துக்கொண்டு கெங்கம்மாள் முன்னால் போய் நின்றாள்.

"அத்த. உங்க பேரப் போட்டிருக்கேன். கூப்புடறது நீங்க. போடலாமா?"

கெங்கம்மாள் தாளை வாங்கவில்லை. முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "கேக்கறதுக்கு இத்தினி யானயாடீ?" என்றாள். 

"நீங்க சொல்லிருக்கலாம் இல்ல?"

"நான் எப்டி சொல்வேன்? எம்பேரப் போடுன்னு கேட்டு வாங்கறதா? நீ போடலன்னதும் நெனச்சேன், சரி, இனிமே நாம வெளி ஆளு போலன்னு. அவன் போனப்ப கூட நீ எங்கூட இருந்த. இப்ப போகும்போது சொல்லாம போறியேன்னு இருந்தது."

"நான் எங்க போறேன்? மேல் வீட்லதான் இருக்கப் போறோம். கோபிதான் இங்க வர்றான்."

"அதுவும் எங்கிட்ட யாரும் சொல்லல."

மேகலாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உண்மையிலேயே சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் இதே வீட்டில்தான் என்பது அவளுக்கும் கோபிக்கும் சொல்லாமலே தெரிந்த விஷயம். மாதனூரில் அமிர்தவள்ளிக்குத் தெரியும், டீக்கடைக்குக் கூடத் தெரியும். பக்கத்து அறையில் இருந்தவளுக்குத்தான் சொல்ல விட்டுப்போயிற்று. கீழே உட்கார்ந்து கெங்கம்மாளின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். ரஃபத் ஜஹான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எதையும் பார்க்காதவள் போல உருது ப்ரூஃபைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் கெங்கம்மாள் ப்ரூஃபைப் படித்தாள். எந்த அழுகையானாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் அல்ல. 'எனது மருமகள் மேகலாவுக்கும்' என்று ஆரம்பித்த வரியைப் பேனா முனையால் ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டுக்கொண்டு போனாள். ஒரு இடத்தில் பேனா நின்றது. எழுதியது மேகலா, என்ன போட வேண்டும் என்பது அவள் இஷ்டம். பேனா நகர்ந்தது. நாள், நேரம், மண்டபம், அமிர்தவள்ளி பெயர், தன் பெயர், எல்லாம் பார்த்து முடித்து ஓரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

கோபி ப்ளேட் எடுக்க வேலூருக்கு பஸ் பிடிக்க ஓடினான். செருப்பை மாட்டிக்கொண்டு போனானா என்பதே சந்தேகம். மறுநாள் மெஷின் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள், தேர்தல் வந்துவிட்டதா என்று வாசலில் நின்று கேட்டார்கள்.

முதல் கட்டுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது கெங்கம்மாள்தான். புருஷன் இல்லாதவள் பத்திரிகைக்கு மஞ்சள் வைக்கலாமா என்று ஒரு சொந்தக்காரி போனில் இழுத்தாள். "நான் வெக்கிலன்னா மெஷின்காரன் வெப்பான், அவன் கையில மை" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். பிறகு பட்டுப் புடவையை எடுத்து உடுத்திக்கொண்டு, தட்டில் பழமும் கற்கண்டும் வைத்து மேகலா கையில் கொடுத்து, பத்திரிகைகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். முதல் வீடு ரஃபத் ஜஹான் வீடு.

ரஃபத் ஜஹானுக்கு எல்லாம் தெரியும். இருந்தாலும் ஒன்றும் தெரியாதவள் போலக் கதவைத் திறந்து, "வாங்க வாங்க, இன்னா விசேஷம்?" என்றாள்.

கெங்கம்மாள் இரண்டு கையாலும் பத்திரிகையை நீட்டினாள். "எம் பொண்ணுக்குக் கல்யாணம். குடும்பத்தோட வந்துடணும்."

ரஃபத் ஜஹான் பத்திரிகையைப் பிரித்தாள். ப்ரூஃப் பார்த்துப் பழகிய கண் சும்மா இருக்குமா? முதல் வரியிலேயே நின்றது. "பொண்ணுன்ற. இதுல மருமகள்னு போட்டிருக்குதே கெங்கம்மா?"

"அது பிழை" என்றாள் கெங்கம்மாள். "நான் பாக்காம விட்டுட்டேன்."

"நீயா? நீ விட்டியா?"

"விட்டுட்டேன். இன்னா இப்போ? அச்சு போய்டுச்சு. வீட்டுக்கு வீடு நானே வாயால திருத்திக்கறேன்." அடுத்த வீட்டுக்குப் படியிறங்கிக்கொண்டே, பின்னால் தட்டோடு அசையாமல் நின்றுவிட்ட மேகலாவைப் பார்த்து, "வாடீ, இன்னும் பஜார் முழுக்க இருக்குது" என்றாள்.